மலையின் உயரத்தைக் கணக்கில் விட்ட மகனுக்கு

அண்ணா, நடந்ததை நடந்தபடியும் அம்மா சொன்னதைச் சொன்னபடியும் உண்மையாக எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்குச் சாதகமாக ஒரு சொல்லையும் மழுக்கமாட்டேன், பாதகமாக ஒரு சொல்லையும் கூர்தீட்டமாட்டேன். அம்மா நகரிப் பக்கம் தெலுங்கில் படித்தவள். தமிழ் படிப்பாள், எழுத வராது. இது உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் இந்தக் கடிதத்தை ஊரில் மற்றவர்களும் கேட்கப்போகிறார்கள் என்பதால் அதையும் எழுதச் சொன்னாள். ஆகவே அடுத்த பத்தியிலிருந்து ‘நான்’ என்று வரும் இடமெல்லாம் அம்மா. பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் உன் தங்கைக்கு ஏதாவது சொல்ல இருந்தால் அடைப்புக்குறிக்குள் சொல்லிக்கொள்வேன். அம்மாவின் பேச்சை எழுத்து நடைக்கு மாற்றியது நான். கோபம் முழுக்க அம்மாவுடையது.

மகனே, நீ நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்கிறாள் உன் தங்கை. நான் கேட்கப்போவதில்லை. ஆராய்ச்சி நிலையத்தில் குளிர்ந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பாடு வருகிறது, நலமாகத்தான் இருப்பாய். நலமில்லாதவர்களைப் பற்றிச் சொல்கிறேன், கேள். நம் ஊர்க் குன்றின் அடியில் நீ படித்த பள்ளிக்கூடத்தில் பூட்டுத் தொங்குகிறது. அந்தக் கட்டடத்துக்கு நேர் கீழே பாறை உடைந்து கிடக்கிறது என்று உங்கள் குழு போட்டுக் கொடுத்த படத்தைப் பார்த்துத்தான் அதைப் பூட்டினார்கள். பிள்ளைகளைத் திருத்தணிக்கு அனுப்பிவிட்டார்கள். காலைப் பேருந்து பொதட்டூர்பேட்டையிலேயே நிரம்பிவிடுகிறது. நம் நிறுத்தத்தில் ஏறுகிறவர்களுக்குப் படிக்கட்டுத்தான். பையன்கள் தொங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பெண்பிள்ளைகள் எப்படித் தொங்குவார்கள்? உன் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து படித்த சுகுணாவை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அவள் இப்போது தறிக்குத் தார் சுற்றுகிறாள், குச்சியில் நூலேற்றுகிற வேலை. நம் வீட்டு ஜன்னலில் நின்றால் அவள் கை ராட்டையைச் சுற்றுவது தெரிகிறது.

(கணக்கில் என்னைவிட அவள்தான் கெட்டிக்காரி. இதை நானாகத்தான் சேர்க்கிறேன். முந்தாநாள் நான் கொடுத்த குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். “இது இருந்தா படிக்கத் தோணுது, வேணாம்” என்றாள்.)

உங்கள் ஆட்கள் முதல்முதலில் பெட்டிகளோடு வந்த நாளை நினைத்துப் பார். நான் எவ்வளவு பெருமையாக இருந்தேன்! மகன் பூமியின் மேலோட்டைப் படமெடுக்க வந்திருக்கிறான் என்று தெருவுக்கே டீ போட்டேன். லாரியில் கொண்டுவந்த பெரிய இரும்பை நிலத்தில் தொப்பென்று போடுவீர்கள். அந்த அதிர்வு உள்ளே போய், பாறைகளில் பட்டுத் திரும்பி வரும். வரிசையாக வைத்த பெட்டிகள், அலை எந்தக் கணத்தில் வந்தது என்று பதிந்துகொள்ளும். சீக்கிரம் வந்தால் வழியில் கெட்டிப் பாறை, தாமதமாக வந்தால் உடைந்த பாறை அல்லது மண். இதை நீ எனக்கு எவ்வளவு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாய். எதிர்வீட்டு அத்தைக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. பெட்டிக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துவிட்டாள். உன்னோடு வந்த பையன் பதறிப்போய், “ஏங்க, இது மெஷினுங்க” என்றான். “பூமாதேவிக்கு நாடி பாக்கறீங்கன்னு சொன்னாங்க. பொட்டு வெக்காம பாக்கலாமா?” என்று கேட்டாள் அவள். நீ சிரித்துக்கொண்டே குங்குமத்தைத் துடைக்காமல் விட்டாய். அந்த மகனை எனக்குத் தெரியும்.

பிறகு தறியால் தொந்தரவு வந்தது. நம் தெருவில் வைத்த பெட்டிகள் எல்லாம் விசைத்தறியின் தடதடப்பைத்தான் பதிந்தன. “பூமி பேசறதே கேக்கல நைனா. நம்ம தறிதான் பேசிகினு இருக்குது” என்று நீ உன் அப்பாவிடம் சொன்னாய். அவர், “தறி நின்னா அடுப்பு நின்னுடும். நீ வேணா பெட்டியை நகத்திக்கோ” என்றார். நகர்த்தினாய். எங்கே? சத்தமில்லாத இடம் தேடிக் குன்றின் மேல். ஊர்ப் பிள்ளை என்பதால் எந்தப் பாறைக்குப் பின்னால் காற்று அடிக்காது, எந்த வழியாக ஆடுகூட ஏறாது என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு பெட்டியாகத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினாய். இடம் மாறியதைக் குறித்துக்கொண்டீர்கள். உயரம் மாறியதை மட்டும் குறிக்கவில்லை. தெருவில் இருந்தபோது என்ன உயரமோ, அதே உயரம்தான் குன்றின் உச்சியில் இருந்த பெட்டிக்கும் கணினியில் போயிருக்கிறது. எங்கள் தறிச் சத்தத்துக்குப் பயந்து மலை ஏறியவர்கள், மலை ஏறினோம் என்பதையே மறந்துவிட்டீர்கள்.

படம் வந்தது. குன்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கீழே கறுப்பாக ஒரு பட்டை, கிண்ணம் மாதிரி. திருத்தணியில் அதிகாரிகள் முன்னால் உன் மேலதிகாரி அதைத் திரையில் காட்டினாராம். பிள்ளைகள் படிக்கிற இடம், யார் பொறுப்பு ஏற்பது என்று ஒருவர் கேட்டாராம். அவ்வளவுதான், பூட்டு வந்துவிட்டது. அதற்குள் உன் அப்பா கே.ஜி.கண்டிகைக்கு ஏதோ வேலையாகப் போனவர், டீக்கடையில் உட்கார்ந்து முழங்கியிருக்கிறார். “எம் பையன் பூமிக்கே எக்ஸ்ரே எடுத்து உள்ள இருக்கற ஓட்டையைக் கண்டுபுடிச்சிட்டான்.” டீ ஆற்றுகிறவர் விடவில்லை. “கண்டுபுடிச்சது சரி. அடைக்கப்போறது யாரு, நீயா உம் பையனா?” கடையே சிரித்தது. ஆனால் சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம், குன்றுப் பக்கம் போகாதே என்று சொன்னார்கள். படத்தைவிடப் பேச்சு வேகமாகப் பரவியது. இப்போது அந்தக் கட்டடத்தின் நிழலில் ஆடு கட்டக்கூட ஆளில்லை.

இதுவரை நடந்ததற்கு உன்மேல் எனக்குக் கோபமில்லை. வேலை செய்கிறவன் தப்புச் செய்வான். பாவு ஓட்டும்போது ஒரு நூல் மாறிப்போகிறது, யாருக்கு மாறாது? என் கோபம் போன வாரத்திலிருந்து. அன்றைக்கு நீ போன் செய்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அம்மா, அந்தப் படம் தப்பும்மா” என்றாய். புரியும்படி சொல்லடா என்றேன். நீ சொன்னது ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. “அரக்கோணத்துலேர்ந்து மாமா வர்றார்னு வெச்சிக்கோ. நீ திருத்தணி ஸ்டேஷன்ல நிக்கற. பாப்பா மலைமேல கோயில் வாசல்ல நிக்குது. மாமா உங்கிட்ட முதல்ல வருவார், படியேறி அதுகிட்ட லேட்டாதான் போவார். லேட்டுங்கறதுக்காக ரயில் லேட்டுன்னு சொல்ல முடியுமா? நாங்க அதைத்தாம்மா பண்ணிட்டோம். மேல இருக்கற பெட்டிக்கு அலை ஏறிவர நேரமாச்சு. மலை உயரத்தைக் கழிக்காம விட்டதால, கீழே பாறை உடைஞ்சிருக்குன்னு கணக்கு சொல்லிடுச்சு.” அதோடு இன்னொன்றும் சொன்னாய். சில அலைகள் கீழேயே போகவில்லையாம். மேலோடு மேலாக ஓடி, குன்றின் சரிவில் மோதித் திரும்பி வந்திருக்கின்றன. சமதரையாக எண்ணிப் போட்ட கணக்கு, அவற்றையும் ஆழத்திலிருந்து வந்தவை என்று எடுத்துக்கொண்டது. மேடு பள்ளத்தைச் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டாயாம். கறுப்புப் பட்டை காணாமல் போய்விட்டதாம். பள்ளிக்கூடத்துக்குக் கீழே கெட்டிப் பாறையாம். மனிதன் காலடி படாத காலத்திலிருந்து அப்படியே கிடக்கிற பாறையாம்.

(அண்ணா, நீ போனை வைத்ததும் நான் அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அது நம் குன்றுதான். மேற்குப் பக்கத்தில் திமில் மாதிரி நிற்கும் பாறைகூட அதில் இருந்தது, நேராக நிற்காமல் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டு. எல்லோரையும் பயமுறுத்திப் பள்ளியைப் பூட்டவைத்த பிளவு, தினமும் பார்க்கிற குன்றின் கவிழ்ந்த உருவம். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஜன்னல் வழியே சுகுணாவைப் பார்த்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.)

சரி, தப்பைக் கண்டுபிடித்துவிட்டாயே, எப்போது வந்து சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். அப்போதுதான் நீ எனக்குக் கோபம் மூட்டினாய். மேலதிகாரியிடம் சொல்லிவிட்டாயாம். அடுத்த அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். அதுவரை வெளியே பேசவேண்டாம் என்றாராம். நீயும் தலையாட்டிவிட்டு வந்தாயாம். அவர் பெயர் படத்தின் கீழே இருக்கிறது, அவருக்குக் கூச்சம், அது எனக்குப் புரிகிறது. உனக்கு என்ன? அந்தப் பள்ளிக்கூடத்தின் மரத்தடியில் உட்கார்ந்துதானே நீ முதன்முதலில் பூகோளப் புத்தகத்தைத் திறந்தாய்? கணினிக்கு மலையின் உயரத்தை யாரும் சொல்லவில்லை, அதனால் தெரியவில்லை. உனக்கு யார் சொல்லவேண்டும்? அந்த மலையில் ஓடி விளையாடி முட்டியைச் சிராய்த்துக்கொண்டவன் நீ.

இதை நான் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. நீ ஆறாவது படிக்கும்போது, லுங்கி எடுக்க வந்த வியாபாரி நம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ஒரு பாவில் கட்டம் பிசகியிருந்தது. நைனா அந்தத் துணியை நடுவில் வைத்து மடித்துக் கட்டியிருந்தார், வெளியே தெரியாது. வியாபாரி கட்டைத் தூக்கும்போது நீ ஓடிவந்து, “மாமா, இதுல பச்சைக்கோடு ரெண்டு தடவை வந்திருக்குது, பாத்தீங்களா?” என்றாய். ஏதோ அதிசயத்தைக் காட்டுகிற மாதிரி முகமெல்லாம் மலர்ச்சி. அவர் கட்டைப் பிரித்தார், முழுக் கட்டையும் வேண்டாம் என்று போய்விட்டார். நைனா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் நடுவில் போய் நின்றேன். இந்த வீட்டில் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னதற்காக யாரையும் அடிக்கக்கூடாது என்றேன். அன்றைக்கு இரவு அவர் சாப்பிடவில்லை, நான் சாப்பிட்டேன், உனக்கும் ஊட்டினேன். அந்த வாய் இப்போது எங்கே போயிற்று? பச்சைக்கோட்டைச் சொன்னவனுக்கு ஒரு மலையைச் சொல்ல முடியவில்லையா?

(இந்த இடத்தில் நைனா உள்ளே வந்துவிட்டார். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

“என்னாத்தை எழுதிகினு இருக்கீங்க ரெண்டு பேரும்? அவன் வேலை போயிடும்டி.”

“போனா தறி இருக்குதுங்க. வந்து உக்காரட்டும்.”

“தறியில உக்காரவா அவனைப் படிக்கவெச்சேன்?”

“வாயை மூடிகினு உக்காரவா படிக்கவெச்சீங்க?”

நைனா என்னைப் பார்த்தார். “நீயாவது எழுதாதம்மா” என்றார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அவர் போகவில்லை, கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.)

வெள்ளிக்கிழமை காலையில் அதிகாரிகள் வருகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் கூட்டம். கட்டடத்தை இடித்துவிட்டு, பிள்ளைகளை நிரந்தரமாகத் திருத்தணியிலேயே சேர்த்துவிடலாம் என்று பேசி முடிக்கப்போகிறார்கள். நம் ஆட்களும் தலையாட்டப்போகிறார்கள், உன் படத்தின் பயம் அவ்வளவு. இடித்த பிறகு உன் அடுத்த அறிக்கை வந்து என்ன பயன்? அதை எந்தச் சுவரில் மாட்டுவது? சுகுணா மாதிரி இன்னும் எத்தனை பெண்கள் தார் சுற்ற உட்காருவார்கள் என்று உன் கணினி சொல்லுமா? நீ அலைகளை எவ்வளவோ நுணுக்கமாகப் பார்க்கிறவன். மேலே ஒரு மேடு இருந்தால் கீழே இருக்கிற படமே மாறிப்போகும் என்று கற்றவன். மேலே இருப்பவர் சொன்ன ஒரு வார்த்தையால் கீழே இருக்கிற இத்தனை பிள்ளைகளின் படிப்பு மாறிப்போவது உனக்குத் தெரியவில்லையா? அதையும் கணக்கில் சேர்த்துத் திருத்தவேண்டியவன் நீதானே?

(போன் வந்தது. அம்மா ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள்.

“அம்மா, கடிதம் எழுதறியாமே. பாப்பா மெசேஜ் போட்டிச்சு.”

“ஆங், எழுதிகினுதான் இருக்கேன்.”

“எம் பேரு போட்டிருக்கியா?”

“இல்ல. மகனேன்னுதான் போட்டிருக்குது.”

“ஊருக்கே தெரியுமேம்மா.”

“எனக்கு இருக்கறது ஒரே மகன். அதுக்கு நான் என்னா பண்றது?”

நைனா ஸ்டூலிலிருந்து லேசாகச் சிரித்துவிட்டார். நீ சிரிக்கவில்லை, அண்ணா.

“அம்மா, அடுத்த அறிக்கையில திருத்திடுவோம். சார் சொல்லியிருக்கார்.”

“அது எப்போ வரும்?”

“வரும்மா.”

“இடிக்கற வண்டி எப்போ வரும்னு எனக்குத் தெரியும். உன் அறிக்கை எப்போ வரும்னு உனக்கே தெரியல.”

“நான் வந்து சொன்னா, அதுக்கப்புறம் என்னை எந்தக் குழுவுலயும் சேத்துக்கமாட்டாங்க. புரிஞ்சிக்கம்மா.”

அம்மா கைப்பேசியை அருகில் இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “புரியுதுடா. புரியாம கேக்கல. கஷ்டம்னு தெரிஞ்சிதான் கேக்கறேன்.” கொஞ்ச நேரம் உன் மூச்சு மட்டும் கேட்டது, பிறகு இணைப்பு அறுந்தது. “அவன் பேசாம இருந்ததையும் எழுது” என்றாள் அம்மா. எழுதிவிட்டேன்.)

உனக்கு வரக்கூடிய நஷ்டத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை, மகனே. பெரிய நஷ்டம்தான். நீ எவ்வளவு பாடுபட்டு அந்த இடத்துக்குப் போனாய் என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஆனால் ஒன்று கேள். உன் வேலை போனால் நீ இன்னொன்று தேடிக்கொள்ளலாம், உன்னிடம் படிப்பு இருக்கிறது. இந்தப் பெண்களிடம் இல்லை, அதைத்தான் இப்போது பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். உன் துறையில் நீ எத்தனை வருடம் இருந்தாலும், எந்த நாட்டு மலையைப் படமெடுத்தாலும், அந்த மலைக்குக் கீழே நம் பள்ளிக்கூடம் வந்து நிற்கும். அந்தக் கணக்கை எந்தக் கருவியாலும் கழிக்க முடியாது. பிழை செய்தவன் என்று உலகம் உன்னைச் சொல்லட்டும், பரவாயில்லை. தெரிந்தே விட்டான் என்று உன் தங்கை வயதுப் பெண்கள் சொல்ல வேண்டாம்.

வெள்ளிக்கிழமை இந்தக் கடிதத்தை உன் தங்கை கூட்டத்தில் சத்தமாகப் படிப்பாள். நான் முடிவு செய்துவிட்டேன். படித்து முடித்ததும் அதிகாரி என்ன கேட்பார் என்பதும் எனக்குத் தெரியும்: இதைச் சொல்ல நீங்கள் யார், ஆதாரம் எங்கே? ஒரு தறிக்காரியும் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணும் நின்று, போனில் சொன்னான் என்று சொன்னால் யார் காதில் போட்டுக்கொள்வார்கள்? ஆகவே இது உன்னை மிரட்டுகிற கடிதமில்லை. நீ இல்லாவிட்டால் இது வெறும் காகிதம். நீ வந்து நின்றால் இது தேவையே இல்லை, படிக்காமல் என் முந்தானையில் முடிந்துகொள்வேன்.

(நைனா எழுந்து வந்தார். “நானும் வர்றேன்னு எழுது” என்றார். அம்மா நம்பாமல் பார்த்தாள். “டீக்கடையில வாய் விட்டது நான்தானே. அங்கயே போயி, எம் பையன் சொன்னது தப்பாம், அவனே சொல்லிட்டான்னு சொல்லிட்டு வர்றேன். சிரிக்கட்டும். போன தடவையும் சிரிச்சாங்க.” அம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

முடித்துவிடலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது கைப்பேசி சிணுங்கியது. அண்ணா, நீ ஒரு படம் அனுப்பியிருந்தாய். திருத்திய படம். மேலே குன்று அதன் உயரத்தோடு நிற்கிறது. பெட்டிகள் அதன் முதுகில் வரிசையாக இருக்கின்றன. கீழே பள்ளிக்கூடம் இருக்கிற இடத்தில் ஒரே நிறம், கறுப்பே இல்லை. கூடவே ஒரு வரி: ‘இதையும் கூட்டத்துல காட்டுங்க.’ நான் துள்ளிவிட்டேன். நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கைப்பேசியை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, மெதுவாக முழுவதையும் பார்த்தாள். “படம் வந்துடுச்சி. ஆளு?” என்றாள். பிறகு, கடைசியாக ஒன்று எழுதிக்கொள் என்றாள்.)

மகனே, நீ அனுப்பிய படம் கிடைத்தது. முன்பு வந்ததும் படம்தான், அதற்கு எதிராக இன்னொரு படத்தைக் காட்டினால் அவர்கள் எதை நம்புவார்கள்? யாராவது கேள்வி கேட்டால் படம் பதில் சொல்லாது. படத்துக்கு வாய் கிடையாது. நீ வா.

(அம்மா இதற்குமேல் எதுவும் சேர்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து விளக்கை அணைத்துவிட்டாள்.)